ஆரியங்காவுக் கணவாயும் ஆச்சியின் அரிசிப் பையும்

நம் தாம்பரத்துப் பிள்ளைகளுக்கு மலை என்றால் பரங்கிமலைதான். மின்சார ரயிலில் போகும்போது திரிசூலத்துக் கல்குன்றுகளையும் பார்த்திருக்கிறோம். கணவாய் என்ற சொல்லை நான் முதலில் அறிந்ததோ வரலாற்று வகுப்பில்தான். கைபர் கணவாய், போலன் கணவாய் என்று ஆசிரியை கரும்பலகையில் மலைகளை வரைந்து, நடுவே ஓர் அம்புக்குறி போடுவார். அந்த வழியே படைகள் வந்தன, வணிகர்கள் வந்தனர் என்று நானும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். நம் தமிழ்நாட்டின் எல்லையிலேயே அப்படியொரு கணவாய் இருக்கிறது என்பதோ, அதற்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சி சேலையூரில் எங்களோடு வசிக்கிறார். பிறந்த ஊர் செங்கோட்டை. வயது எண்பதை நெருங்குகிறது. ஆச்சியின் அக்காவைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அது மலைக்கு அந்தப்புறம், கேரளத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு மே மாதம் அந்தப் பெரிய ஆச்சிக்கு உடல் நலமில்லை என்று செய்தி வந்ததும், "நான் போயே ஆகணும்" என்று ஆச்சி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

தாம்பரத்தில் ரயில் ஏறினால் புனலூரிலேயே இறங்கலாம். சென்னையிலிருந்து கொல்லம் செல்லும் ரயில் அந்த வழியாகத்தான் போகிறது. ஆனால் ஆச்சி, "ரயில் மலையைக் குடைஞ்சு போயிடும். நான் பஸ்ஸில்தான் மலை ஏறணும்" என்றார். காரணம் கேட்டால் பதில் இல்லை. சரி, முதிர்ந்தவர்களின் ஆசை என்று அம்மா விட்டுவிட்டார்.

புறப்படும் நாளில்தான் வீட்டில் ஒரு சிறு சண்டை நடந்தது. ஆச்சி தம் முதியோர் உதவித் தொகையிலிருந்து புழுங்கல் அரிசி வாங்கி வந்து, பழைய இரும்புப் படியால் நாலு படி அளந்து, மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்தார். "கேரளத்தில் அரிசிக் கடையே இல்லையா? இதை யார் தூக்குவது?" என்று நான் முகத்தைச் சுளித்தேன். ஆச்சி கோபிக்கவில்லை. "நீ தூக்க வேண்டாம், ஏட்டி. நான் தூக்கிக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னார். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே ஆச்சி அந்தப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றித் தூக்கி நடந்தார். நான் என் பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

இரவெல்லாம் பிரயாணம். விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ஊர்கள் தூக்கத்தில் கழிந்தன. ராஜபாளையம் தாண்டியதும் கண் விழித்தேன். வலப்பக்கம் வானத்தின் அடியில் கருநீலக் கோடு ஒன்று தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். பொழுது புலரப் புலர அது மலையாகிவிட்டது! மேற்குத் தொடர்ச்சி மலை எங்கள் கூடவே ஓடி வந்தது. தென்காசியை நெருங்கியபோது மே மாதம் என்பதே மறந்துபோயிற்று. அப்படி ஒரு குளிர்ந்த காற்று! "கணவாய்க் காற்று இது. அந்தப் பக்கம் மழை பெய்தால் இந்தப் பக்கம் நமக்குச் சேதி சொல்லும்" என்றார் ஆச்சி. குற்றாலத்துச் சாரல் நமக்குக் கிடைப்பதும் மலையின் இந்த இடைவெளி வழியேதான்.

செங்கோட்டையில் மாமா ஒருவர் வீட்டில் குளித்துப் பலகாரம் சாப்பிட்டோம். பிறகு ஆச்சி ஊரைச் சுற்றிக் காட்டினார். வாஞ்சிநாதன் சிலையின் முன் நின்றபோது, எனக்குத் தெரிந்த வரலாறும் ஆச்சியின் ஊரும் ஒன்றாகிவிட்டன. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டவர் வாஞ்சிநாதன் என்று நாம் படித்திருக்கிறோம். அவர் புனலூரில் திருவிதாங்கூர் அரசின் வனத்துறையில் வேலை பார்த்தவர் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை. நாங்கள் போகவிருந்த அதே மலை வழியில்தான் அவரும் வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் மன்னரின் நாட்டைச் சேர்ந்தது. மலைக்குக் கிழக்கே இருந்தாலும், தமிழ் பேசினாலும், ஆட்சி திருவனந்தபுரத்திலிருந்து நடந்தது. ஆச்சியின் தாயார் விட்டுச் சென்ற செம்புக் காசு ஒன்று இன்னும் ஆச்சியின் குங்குமச் செப்பில் இருக்கிறது. அதில் சங்கு பொறித்திருக்கும். அதன் பெயர் சக்கரம். இருபத்தெட்டுச் சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நாடு விடுதலை பெற்றபின், தமிழ் வழங்கும் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கவேண்டும் என்று மார்ஷல் நேசமணி போன்றோர் போராடினார்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களோடு செங்கோட்டையும் நம் பக்கம் வந்தது. திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்த அந்த ஊர், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

"எனக்கு அப்போ பத்து வயசு. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தாக. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அதுவரைக்கும் புனலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அன்னையிலிருந்து வேற ராஜ்ஜியம் ஆயிட்டுது" என்றார் ஆச்சி.

பேருந்து நிலையத்துக்குச் சென்றோம். சிவப்பும் மஞ்சளும் பூசிய கேரளத்துப் பேருந்து ஒன்று நின்றது. பெயர்ப்பலகை முழுதும் மலையாளத்தில் இருந்தது. பதினோராம் வகுப்பு படிக்கும் எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை! ஆச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "புனலூர் வழி கொல்லம். ஏறுங்க" என்றார். சிறு வயதில் செங்கோட்டைப் பள்ளியில் மலையாளமும் படித்தாராம். ஆச்சியின் தமிழில் மலையாள வாடை வீசுகிறது என்று நானே தோழிகளிடம் கேலி செய்ததுண்டு. அன்று எங்கள் மூவரில் எழுத்தறிவு உள்ளவர் அவர் ஒருவர்தான்.

அந்தப் பேருந்து எனக்கு ஒரு வேடிக்கைப் பொருளாக இருந்தது. ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் இறக்கிவிடத் தார்ப்பாய்த் திரைகள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன. நடத்துநர் விசில் ஊதவில்லை. கூரையோடு ஓடிய கயிற்றை இழுத்தார். ஓட்டுநரின் தலைக்கு மேலே மணி அடித்தது. ஒரு மணி அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் புறப்படும். எங்களிடம் தமிழில் பேசிச் சீட்டுக் கொடுத்தவர், அடுத்த இருக்கையில் மலையாளத்தில் பேசினார். எந்த இடத்தில் மொழியை மாற்றினார் என்று கவனித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

செங்கோட்டையிலிருந்து புனலூர் சுமார் 50 கிலோமீட்டர். முதலில் வயல்களும் தென்னந்தோப்புகளும் வந்தன. புளியரை என்ற ஊர் வந்ததும் மலை சட்டென்று எதிரே எழுந்து நின்றது. எதிர்த்திசையிலும் பின்னாலும் சரக்கு லாரிகள் வரிசையாக ஊர்ந்தன. நம் பக்கத்துக் காய்கறியும் கல்லும் அந்த வழியேதான் கேரளத்துக்குப் போகின்றன. சாலை பாம்பைப் போல வளைந்து ஏறத் தொடங்கியது. ஆச்சி மஞ்சள் பையை மடியில் ஏற்றி இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். முகத்தில் வியர்வை அரும்பியது. மலை ஏற்றம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அம்மா பயந்துபோனார்.

வழியில் ஓரிடத்தில் வண்டி நின்றது. காவலர் ஒருவர் ஏறி வந்து இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஆச்சியின் முன் நின்றார். "பையில் என்ன, பாட்டி?"

"அரிசி!" என்றார் ஆச்சி. பேருந்து முழுவதும் கேட்கும்படி உரத்த குரலில் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ரேஷன் அரிசியா?"

"இல்லையப்பா. என் காசுல கடையில வாங்கினது. நாலு படி. புனலூர்ல எங்க அக்காவுக்கு."

காவலர் சிரித்துவிட்டு இறங்கினார். மணி இரண்டு முறை அடித்தது. வண்டி நகர்ந்தது. ஆச்சி பெருமூச்சு விட்டார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு, அம்மாவுக்கே தெரியாத அந்தக் கதையைச் சொன்னார்.

அது 1966ஆம் ஆண்டு. நாடெங்கும் உணவுப் பஞ்சம். ஒரு மாநிலத்து அரிசியை மறு மாநிலத்துக்கு அனுமதியின்றிக் கொண்டுபோகத் தடை இருந்தது. தமிழ்நாட்டில் நெல் விளைந்தது. கேரளத்திலோ ரேஷன் கடையில் அளந்து கொடுத்த அரிசி போதவில்லை. மீதிக்குக் கோதுமையும் கிழங்கும்தான். மலைக்கு அப்பால் பெரிய ஆச்சி தலைப்பிள்ளை பெற்றிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு பொங்கிக் கொடுக்க அரிசி இல்லை என்று சேதி வந்தது. வீட்டில் நாலு படி அரிசியை அளந்து துணியில் முடிந்து, இருபது வயதுப் பெண்ணாகிய ஆச்சியின் இடுப்பில் கட்டி, மேலே சேலையைச் சுற்றிப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

"என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் அப்படிக் கொண்டு போனாக. திருடப் போகலை. கூடப்பிறந்தவளுக்குச் சோறு கொண்டு போனோம். ஆனா நெஞ்சு அடிச்சது, திருடனுக்கு அடிக்கிற மாதிரி" என்றார் ஆச்சி.

வளைவில் வண்டி ஏறும்போது யாரோ ஒருவர், "மேலே சோதனை கடுமையாம். பிடித்தால் ஜெயில்தானாம்" என்று சொன்னார். ஆச்சி நடுங்கிப்போனார். முடிச்சை அவிழ்த்து, நாலு படி அரிசியையும் ஜன்னல் வழியே கொட்டிவிட்டார். கல்யாணத்தில் அட்சதை போட்டது போல வெள்ளை வெளேரென்று அது சாலையோரம் சிதறியதாம்.

"அப்புறம் என்ன ஆச்சு, ஆச்சி?" என்று கேட்டேன்.

"அன்னைக்குச் சோதனையே இல்லை, ஏட்டி. வண்டி நிற்காமலே போயிட்டுது."

அம்மாவும் நானும் பேச்சற்று உட்கார்ந்திருந்தோம். புனலூரில் பெரிய ஆச்சி அடுப்பில் உலை ஏற்றி வைத்துக் காத்திருந்தாராம். வெறுங்கையோடு போய் நின்ற ஆச்சி, பயந்து கொட்டினேன் என்று சொல்லக் கூசி, "சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கிட்டாக, அக்கா" என்று பொய் சொல்லிவிட்டார். இரண்டொரு வருஷத்தில் ஆச்சிக்கும் கல்யாணமாகி, சென்னைப் பக்கம் குடிவந்துவிட்டார். கல்யாணம், காது குத்து, இழவு என்று எத்தனையோ முறை அக்காவும் தங்கையும் சந்தித்திருக்கிறார்கள். அந்தப் பொய் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

"அவ போறதுக்கு முன்னாடி, இல்லேன்னா நான் போறதுக்கு முன்னாடி சொல்லிடணும். அதான் வந்தேன்" என்றார் ஆச்சி.

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. நடத்துநர் வந்து தார்ப்பாயை இறக்கப் போனார். ஆச்சி வேண்டாம் என்று கையசைத்துவிட்டுச் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். எந்த வளைவு என்று தேடினாரோ என்னவோ!

கோட்டைவாசல் என்ற இடத்தில் எல்லை கடந்தது. ஆரியங்காவு வந்தது. காட்டின் நிறமே மாறிவிட்டது. கிழக்கே பார்த்த வறண்ட புதர்கள் போய், கண்ணுக்கெட்டிய வரை ஈரப் பச்சை! மரத்துக்கு மரம் சிறு கிண்ணம் கட்டிய ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. கழுதுருட்டியில் ஆற்றை ஒட்டிச் சாலை செல்ல, பக்கத்திலேயே பதிமூன்று கண்களையுடைய கல் பாலம் ஒன்று கம்பீரமாக நின்றது. 1904இல் திறக்கப்பட்ட கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதையின் பாலம் அது. சிறிய தண்டவாளத்தில் ஓடிய பழைய ரயில் 2010இல் நிறுத்தப்பட்டு, பாதை அகலமாக்கப்பட்டபின் 2018இல் மீண்டும் மலை மேல் ரயில் ஓடத் தொடங்கியது. இப்படி ஒரு மலையை மனிதர்கள் நூறு ஆண்டுக்கு மேலாகப் பாலம் கட்டியும் பாறை குடைந்தும் இணைத்திருக்கிறார்கள். அதே மலையின் மேல் ஒரு கோடும் போட்டிருக்கிறார்கள். தென்மலையைக் கடந்து கீழே இறங்கும்வரை இதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

புனலூரில் கல்லடை ஆற்றின் குறுக்கே புகழ்பெற்ற தொங்குபாலம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹென்றி என்ற ஆங்கிலப் பொறியாளர் அமைக்க, 1877இல் கட்டி முடிந்தது. வேறு சமயமாயிருந்தால் உடனே ஓடிப்போய்ப் பார்த்திருப்பேன். அன்று அதைத் தாண்டித்தான் போனோம். பேருந்திலிருந்து இறங்கியதும் நான் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டேன். ஆச்சி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய ஆச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கையைக் கண்டதும் முகம் மலர்ந்தது. நலம் விசாரிக்கும் முன்பே ஆச்சி பையை அக்காவின் காலடியில் வைத்து, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். கூடத்தில் சத்தமே இல்லை. பெரிய ஆச்சி சிறிது நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்!

"அடிப் பாவி! பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவ வயித்துல மண்ணைப் போட்டானுங்களேன்னு அந்தச் சாவடிக்காரனுங்களை இத்தனை வருஷமா வைதுகிட்டு இருந்தேனே. அந்தச் சாபத்தை எல்லாம் நான் இனி எங்கே போய்த் திரும்ப வாங்குவேன்?"

எல்லோரும் சிரித்தோம். ஆச்சி சிரித்துக்கொண்டே அழுதார்.

அதன்பின் பெரிய ஆச்சி சொன்னதுதான் ஆச்சிக்கும் தெரியாத கதை. அன்று இரவு, உலைத் தண்ணீர் வீணாகக் கொதிப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி, தம் வீட்டு ரேஷன் அரிசியிலிருந்து இரண்டு நாழி கொண்டுவந்து கொடுத்தாராம். அவர் வீட்டில் நான்கு குழந்தைகள். அந்த வாரம் அவர்கள் மரச்சீனிக் கிழங்குதான் தின்றார்கள். "அந்தச் சேச்சி இப்போ இல்லை. மக அதே வீட்டிலதான் இருக்கா. இதில பாதி அந்த வீட்டுக்குப் போகணும்" என்றார் பெரிய ஆச்சி.

இரண்டு படி அரிசியை அளந்து, யாரும் சொல்லுமுன் நானே எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அம்மையாரிடம் எனக்கு மலையாளம் வரவில்லை, அவருக்கு என் தமிழ் சரியாகப் புரியவில்லை. அரிசியைக் காட்டி, பெரிய ஆச்சியின் வீட்டைக் காட்டினேன். அவர் ஏதோ கேட்டார். பிறகு உள்ளே போய், "சக்கை" என்று சொல்லி ஒரு பொட்டலத்தை நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் சக்கை என்றால் சாறு பிழிந்தபின் எறிவதல்லவா? பிரித்துப் பார்த்தால் தேனாய் இனிக்கும் பலாச்சுளைகள்!

அன்று மதியம் பெரிய ஆச்சியின் வீட்டில் அந்த அரிசியைப் பொங்கினார்கள். தொட்டுக்கொள்ள மரச்சீனிக் கிழங்கும் வேகவைத்தார்கள். அக்காவும் தங்கையும் ஒரே தட்டில் உண்டார்கள்.

அன்புத் தோழியரே! கணவாய் என்றால் படைகள் வந்த வழி என்று நாம் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். தவறில்லை. ஆனால் என் ஆச்சியைப் போன்ற பெண்கள் நடுங்கும் நெஞ்சோடு மடியில் சோறு கட்டிப் போன வழியும் அதுதான். நம் வீடுகளில் உள்ள முதியவர்கள் ஏன் ஒரு பையை விடாமல் சுமக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்காமலே முகம் சுளிக்கிறோம். கேட்டால் அவர்கள் சொல்வார்கள்.

திரும்பும்போது அந்த மஞ்சள் பை நிறையப் பலாச்சுளையும் நேந்திரம் வறுவலும் இருந்தன. மலையேறி, எல்லை தாண்டி, செங்கோட்டை வழியாகச் சேலையூர் வரை அதை நான்தான் தூக்கி வந்தேன். வழியில் யாரும் பையில் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், நானும் உரத்த குரலில் சொல்லியிருப்பேன்.

— பதினோராம் வகுப்பு மாணவி